குழாய் பொதுவாகட்டும்!

அதிவேக இணையத்துக்கான கண்ணாடி இழை வடத்தைவிட, அதைப் பதிக்கச் சாலையைத் தோண்டுவதே பெருஞ்செலவு. வலைப்பின்னல் அமைக்கும் செலவில் 80 சதவீதம் வரை இத்தகைய கட்டுமானப் பணிகளுக்கே போகக்கூடும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு. ஒரு தெருவுக்கு ஒரு குழாய் போதுமென்றிருக்க, நிறுவனத்துக்கு ஒன்றாகப் புதைப்பது வீண். ஆனால், அந்தக் குழாயின் உரிமையாளரே போட்டியாளர்களைத் தடுக்கவும் வல்லவராகிறார். இதனால்தான் பொருளியல் இதை இயற்கை ஏகபோகம் என்று வகைப்படுத்தி, ஒழுங்காற்று விதிகளை வலியுறுத்துகிறது.

டெலிஃபோனிகா நிறுவனம் தனது நிலத்தடிக் குழாய்களையும் கம்பங்களையும் செலவை ஒட்டிய கட்டணத்தில் போட்டியாளர்களுக்குத் தர வேண்டுமென ஸ்பெயினின் ஒழுங்காற்று அமைப்பு 2009-இல் பணித்தது. போட்டியாளர்கள் அவற்றின் வழியே சொந்த இழைகளைக் கொண்டு சென்றனர். வீடுவரை கண்ணாடி இழை எட்டியுள்ள ஐரோப்பிய நாடுகளில் இன்று ஸ்பெயின் முன்வரிசையில் நிற்கிறது.

பிரிட்டனும் 2010-இல் பி.டி. நிறுவனத்தின்மீது இதே கடமையைச் சுமத்தியது. எனினும், வணிக நிறுவனங்களுக்கான தனி இணைப்புகளுக்கு அக்குழாய்களைப் பயன்படுத்த இயலவில்லை. வருவாய் மிகுந்த வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு யார் முதலீடு செய்வார்? 2018, 2019 ஆண்டுகளில் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னரே புதிய நிறுவனங்களின் முதலீடு வேகம் பெற்றது.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் பொதுக் குழாய்களுக்கு இடமளிக்கிறது. வாடகை, அனுமதிக்கான கால வரம்பு, பயன்பாட்டு உரிமை ஆகியவற்றை விதிகள் தெளிவாக வரையறுக்காவிட்டால், தோண்டிய சாலைகளையே மீண்டும் தோண்டிக்கொண்டிருப்போம்.