செம்பனை சொல்லும் பரம்பரைக் கணக்கு



"எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சீக்கும் இல்லையே டிரசர் ஐயா, பிள்ளைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

தலசீமியா கண்ட குழந்தையின் தகப்பன் கேட்கும் கேள்வி இது. கூட வந்த பாட்டி மருமகளை முறைத்துப் பார்ப்பார். இதற்குப் பதில் நாம் வெட்டும் செம்பனைக் குலையிலேயே இருக்கிறது.

போர்ட் கிள்ளான் பக்கம் கேரித் தீவில் இருக்கும் செம்பனையைப் பாருங்கள். அது 'தெனெரா' ரகம். ஓடு மெல்லிசு, சதை அதிகம். அதன் தாய் தடித்த ஓடுள்ள 'டூரா'. தகப்பன் ஓடே இல்லாத 'பிசிபெரா'. ஓட்டுக்கான ஜீன் ஒவ்வொரு மரத்திலும் இரண்டு உண்டு: தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. தெனெராவில் தடித்த ஓட்டு ஜீன் ஒன்றும் ஓடில்லா ஜீன் ஒன்றும் சேர்ந்திருக்கின்றன. இந்தக் கணக்கை 1941-இல் பெல்ஜியன் காங்கோவில் கண்டறிந்தார்கள். 2013-இல் மலேசியச் செம்பனை வாரியத்தார் அந்த ஜீனையே அடையாளம் காட்டினார்கள்.

தெனெராவும் தெனெராவும் சேர்ந்த விதையை நட்டால்? சராசரியாக நான்கில் ஒன்று டூரா, இரண்டு தெனெரா, ஒன்று பிசிபெரா. பிசிபெரா பெரும்பாலும் பழம் தராது. அதனால்தான் உதிரிப் பழத்தில் முளைத்த கன்றைத் தோட்டத்தில் நடுவதில்லை.

மனிதருக்கும் இதே கணக்குத்தான். தலசீமியா ஜீன் ஒன்று மட்டும் இருந்தால் ஆள் நன்றாக வேலை செய்வார். லேசான சோகை இருக்கலாம். அவர் நோயைச் சுமப்பவர், நோயாளி அல்ல. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு, இரண்டு பங்கு சுமப்பதற்கு, ஒரு பங்கு ஒன்றும் இல்லாமல் பிறப்பதற்கு. கடுமையான நோய் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும்.

"மூத்ததுக்கு வந்துட்டது, இனி வராது" என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மருமகளைப் பழிக்காதீர்கள்; தாய் ஒன்று, தகப்பன் ஒன்று கொடுத்தால்தான் இந்த நோய் வரும். அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டினால், ஒரே பாட்டன் வழி ஜீன் இருவரிடமும் ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடும்.

பிறகு என்ன செய்வது? கல்யாணத்துக்கு முன் இருவரும் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளியிலேயே இந்தப் பரிசோதனை 2016-இல் தொடங்கியது; பாரத்தில் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். ஜாதகம் பார்க்கிற வீட்டில் இரத்தத்தையும் பார்ப்போம்.