வீடு மாறினோம், விலாசத்தை மாற்றினோமா?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த குடும்பங்களுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். ஆள் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. பதிவும் போய்ச் சேர வேண்டும். புதிய இடத்தில் கிராம சேவையாளரிடம் பதியும்வரை நாம் எங்கே இருக்கிறோம் என்று எவருக்கும் தெரியாது.

இணையத்தளம் வைத்து ஒடியல்மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் விற்கும் சிறு சங்கங்களும் இன்று இதே சங்கடத்தில் மாட்டுகின்றன. தளத்தை வைத்திருந்த நிறுவனத்தை விட்டு வேறொன்றுக்கு மாறுகிறார்கள். பிறகு கொழும்பில் பார்ப்பவருக்குப் பழைய பக்கம் வருகிறது; ரொறன்ரோவில் பார்ப்பவருக்கு ஒன்றும் வருவதில்லை. ஓடர் நின்றுபோகிறது.

பெயர் வேறு, வீடு வேறு

நமது தளத்தின் பெயர் நமது சொத்து. அதைப் பதிவகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருக்கிறோம். இலங்கைக்குரிய 'எல்.கே.' பெயர்கள் 1990இல் தொடங்கின. தமிழிலேயே எழுதக்கூடிய '.இலங்கை' பெயர்கள் 2010இல் வந்தன. தளத்தை வைத்திருக்கும் நிறுவனமோ வாடகை வீடு. இந்தப் பெயருக்கு இன்ன வீடு என்று காட்டும் விலாசப் புத்தகமே டி.என்.எஸ்.

1990களில் பலர் ஜியோசிற்றீஸ் என்ற இலவச இடத்தில் பக்கம் வைத்திருந்தார்கள். 2009 ஒக்டோபரில் அது மூடப்பட்டபோது, அங்கே கொடுத்த விலாசத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் அந்த விலாசத்தையே இழந்தார்கள். சொந்தப் பெயர் உள்ளவர் வீட்டை மாற்றலாம். பெயரை இழக்க வேண்டியதில்லை.

மூட்டை கட்டுமுன்

பழைய விலாசப் புத்தகத்திலுள்ள பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 'ரி.ரி.எல்.' என்ற நேரம் உண்டு. மற்றக் கணினிகள் அவ்வளவு நேரம் பழைய விலாசத்தை நினைவில் வைத்திருக்கும். அது 86,400 விநாடி என்றால் ஒரு முழு நாள். மாறுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே அதை 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். புதிய வீடு சரியாக இயங்கும்வரை பழைய வீட்டை ஒப்படைக்க வேண்டாம்.

பிழை எங்கே?

1. பழைய பக்கமே வருகிறதா? பெயர் எந்த நேம்சேவரைக் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். நாம் ஓரிடத்தில் திருத்த, பெயர் வேறிடத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். நேம்சேவரையே மாற்றியிருந்தால் இரண்டு நாள் வரை பொறுக்க வேண்டும்.

2. சிலருக்கு மட்டும் பழைய பக்கமா? 'ஏ' பதிவை மாற்றிவிட்டு, புதுவகை விலாசத்துக்கான 'நான்கு ஏ' பதிவை மறந்திருக்கலாம். பெயருக்கு முன்னால் 'டபிள்யூ' மூன்று போட்டும் போடாமலும் தட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு.

3. புதிய நிறுவனம் 'பக்கம் இல்லை' என்கிறதா? வழி சரி, வீட்டுக்காரருக்கு நம்மைத் தெரியாது. புதிய கணக்கில் பெயரைச் சேருங்கள். பழைய கணக்கிலிருந்து விடுவியுங்கள்.

4. 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வருகிறதா? பெயர் புதிய இடத்தைக் காட்டிய பின்னரே பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கப்படுவது வழக்கம். சற்றுப் பொறுத்தும் வராவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.

5. மின்னஞ்சல் நின்றுவிட்டதா? நேம்சேவரை மாற்றியபோது 'எம்.எக்ஸ்.' பதிவு விடுபட்டிருக்கும். கொப்பியைப் பார்த்து மீண்டும் எழுதுங்கள்.

திருத்தியதும் வேறொரு தொலைபேசியில் சோதியுங்கள். நமது கணினி பழையதையே நினைவில் வைத்திருக்கலாம்.

விட்டு வந்த வீடு

எல்லாம் சரியானபின் பழைய நிறுவனத்தைக் காட்டும் பதிவுகளை அழித்துவிடுங்கள். வெறும் வீட்டில் நமது பெயர்ப்பலகை தொங்கினால் வேறொருவர் உள்ளே புகுந்து நமது பெயரில் கடை விரிக்கலாம். உலகில் பெரிய நிறுவனங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. தளத்தைச் செய்து தந்த தம்பி நாளை வெளிநாடு போய்விடலாம். பெயர் அவர் பேரில் இருந்தால் திறப்பும் அவரோடு போய்விடும். சங்கத்தின் பெயரிலேயே பதியுங்கள். புதுப்பிக்கும் திகதியைக் கூட்டப் புத்தகத்தில் குறியுங்கள். காணி உறுதியைப் பத்திரமாகக் காவிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு இதன் அருமையை நாம் சொல்லவேண்டியதில்லை.