அவசரக் குரலும் நிதான மனமும்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் காலை நடை பயிலும் ஓய்வூதியர் ஒருவருக்குக் கைப்பேசியில் அழைப்பு வருவதாகக் கொள்வோம். "உங்கள் பெயரில் வழக்குப் பதிவாகியுள்ளது. இணைப்பைத் துண்டிக்காமல் உடனே பணத்தை மாற்றுங்கள்" என்று ஒரு குரல் மிரட்டுகிறது. பல்லாண்டுகள் அலுவலகக் கணக்குகளைச் சரிபார்த்தவர்கூட அந்நேரத்தில் தடுமாறிவிடுவது ஏன்? விடை, மனம் இயங்கும் முறையில் இருக்கிறது.

2002-ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், சிந்தனையை இருவகையாக விளக்கினார். தெரிந்த முகத்தைக் கண்டதும் அடையாளம் காண்பது விரைவுச் சிந்தனை. வட்டிக் கணக்கைப் படிப்படியாகச் சரிபார்ப்பது நிதானச் சிந்தனை. அச்சமும் அவசரமும் சேரும்போது விரைவுச் சிந்தனை முந்திக்கொள்கிறது.

மேலும், மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடிய செய்திகள் மிகச் சிலவே. அவை ஏறத்தாழ ஏழு என 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பின்வந்த ஆய்வாளர் சிலர் அதனினும் குறைவு என்பர். வழக்கு எண், அதிகாரியின் பெயர், கணக்கு எண் என்று மோசடிக்காரர் அடுக்கிக்கொண்டே போகும்போது, ஐயம் கொள்வதற்கே மனத்தில் இடமில்லாமல் போகிறது.

ஆகவே, தற்காப்பை முன்கூட்டியே கற்க வேண்டும். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம் நினைவாற்றலையே சோதித்து 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். கற்றது விரைவில் மறையும் என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளிவிட்டுப் பயில்வது நிலைக்கும் என்பதும் அவர் கண்டவை. எச்சரிக்கைக் குறுஞ்செய்தியை ஒருமுறை படித்தால் போதாது என்பதற்கு இதுவே காரணம். வீட்டில் ஒருவர் மோசடிக்காரராகப் பேச, மற்றவர் "வங்கிக்கு நேரில் சென்று கேட்டுக்கொள்கிறேன்" என்று கூறி இணைப்பைத் துண்டித்துப் பழகலாம். இன்று ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை எனச் செய்தால் அச்சொற்கள் தாமாகவே நாவில் வரும்.

மனத்தில் பதிய வேண்டியவை இரண்டு: கைப்பேசி வழியே கைது செய்யும் முறை இந்தியச் சட்டத்தில் இல்லை. ஒருமுறைக் கடவுச்சொல்லை வங்கி ஒருபோதும் கேட்பதில்லை.

அதையும் மீறிப் பணம் போய்விட்டால், வெட்கத்தால் மறைக்க வேண்டாம். எவர் மனமும் இவ்வாறு சிக்கக்கூடியதே. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து தெரிவித்தால், தொகை கைமாறும் முன் முடக்கப்படும் வாய்ப்பு உண்டு. அவசரம் நமக்குத் துணைநிற்கும் இடம் அதுவே.