யாரும் எழுதாத ஃபங்ஷன்: பழைய ரவுட்டருக்கு ஒரு சி லைப்ரரி

போன எபிசோடில் பழைய வைஃபை ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றி, அதைச் சின்ன சர்வராகப் பாவிப்பது பற்றிக் கதைத்தோம். வேண்டிய சி லைப்ரரி ரெடிமேடாக இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் நாங்களே கம்பைல் பண்ணவேணும், அல்லது பெட்டி குப்பைக்குத்தான். என்னுடையதில் மிப்ஸ் சிப், 64 எம்பி ரேம். அதற்குள் ஜிசிசி ஓட்ட ஏலாது. லேப்டாப்பில் கம்பைல் பண்ணி ரவுட்டருக்கு அனுப்புகிறோம். இதுதான் க்ராஸ் கம்பைல்.

லைப்ரரி சத்தமில்லாமல் பில்ட் ஆனது. அதை என் ப்ரோக்ராமோடு லிங்க் பண்ணும்போதுதான் எரர்: 'ஆர்பிஎல்_மலாக்' என்ற ஃபங்ஷனைக் காணவில்லையாம். சோர்ஸ் ஃபைல்களில் எவ்வளவு தேடினாலும் அப்படி ஒரு ஃபங்ஷனை யாரும் எழுதவே இல்லை. அப்ப எங்கிருந்து வந்தது?

கான்ஃபிகர் ஸ்கிரிப்டிலிருந்து. அது என்ன செய்யும் தெரியுமா? குட்டிக் குட்டி சி ப்ரோக்ராம்களை எழுதி, கம்பைல் பண்ணி, சிலதை ஓட்டியும் பார்க்கும். அதில் ஒரு கேள்வி: மலாக்கிடம் 0 பைட் கேட்டால் என்ன தரும்? நல் தரலாம், உண்மையான பாயிண்டரும் தரலாம். சி ஸ்டாண்டர்டில் இரண்டுமே சரி. ஓட்டிப் பார்த்தால் விடை தெரியும். ஆனால் மிப்ஸ் ப்ரோக்ராம் லேப்டாப்பில் ஓடாதே. அதனால் ஸ்கிரிப்ட் ஊகிக்கிறது. சில ஆட்டோகான்ஃப் பதிப்புகள் செய்த ஸ்கிரிப்ட் என்றால், பிளாட்ஃபார்ம் பெயரில் 'க்னு' இருந்தால் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் சி லைப்ரரி மசில். பெயரில் க்னு இல்லை, ஆகவே 'இல்லை'. (பெயரைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் ஸ்கிரிப்டுக்கும் உண்டு!) உடனே கான்ஃபிக்.ஹெச் ஃபைலில் ஒரு வரி ஏறும்: இனி மலாக் என்றால் ஆர்பிஎல்_மலாக். 'ஆர்பிஎல்' என்றால் ரீப்ளேஸ்மென்ட். அந்த மாற்று ஃபங்ஷனை லைப்ரரிக்காரர்தான் கூடவே தரவேணும். கனபேர் தருவதில்லை. ஸ்டாட்டிக் லைப்ரரியைக் கட்டும்போது இந்த ஓட்டை யாருக்கும் தெரியாது. லிங்கர் வந்துதான் காட்டிக்கொடுக்கும்.

கான்ஃபிக்.ஹெச்சில் அந்த வரியை அழித்தால் வேலை நடக்கும். ஆனால் அடுத்த தடவை கான்ஃபிகர் ஓட்டினால் திரும்பி வந்துவிடும். ஊகிக்க விடாமல் பதிலை முன்கூட்டியே சொல்வதுதான் எனக்குப் பிடித்த வழி. கான்ஃபிக்.லாக்கின் கடைசிப் பக்கம் 'கேஷ் வேரியபிள்ஸ்' என்ற பகுதி இருக்கும். அங்கே 'ஏசி_சிவி' என்று தொடங்கும் பெயர்களில் மலாக்குக்கு உரியதை எடுத்து, கான்ஃபிகர் கட்டளைக்கு முன்னால் அதற்கு 'யெஸ்' கொடுங்கள். ரீஅலாக்குக்கும் இதே கதைதான், இதே மருந்துதான்.

சும்மா 'யெஸ்' போடாதீர்கள். மலாக்(0) என்று ஐந்து வரி ப்ரோக்ராம் எழுதி, ரவுட்டருக்கு அனுப்பி ஓட்டிப் பாருங்கள். ரவுட்டர் கையில் இல்லையா, கியூஈஎம்யூ லேப்டாப்பிலேயே மிப்ஸ் ப்ரோக்ராமை ஓட்டும். மசில் நல் தருவதில்லை, ஆகவே எனக்கு 'யெஸ்' சரி.

ரிஸ்க்-ஃபைவ் போர்டு வைத்திருப்பவர்களுக்கு: பழைய லைப்ரரி என்றால் கான்ஃபிகர் தொடக்கத்திலேயே 'இந்த மெஷினைத் தெரியாது' என்று நின்றுவிடும். கான்ஃபிக்.சப், கான்ஃபிக்.கெஸ் இரண்டையும் க்னுவின் புதிய பிரதிகளால் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.