லாலாங் பூ வைத்த மணவறை

கடந்த ஜனவரியில் ஓர் இரவு. சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு புல்வெளி, மாலை வெயில். மரச்சட்டத்தில் வெள்ளைக் கயிற்றுப் பின்னல் தொங்குகிறது. பஞ்சு போன்ற நீண்ட புற்கதிர்கள், தரையில் விரித்த கம்பளங்கள், வெறுங்காலுடன் சிரிக்கும் மணப்பெண்.

“எனக்கு இப்படித்தான் கல்யாணம் நடக்கணும். போஹோ ஸ்டைல். நீதானே திட்ட மேலாண்மை படிக்கிற? நீயே பிளான் பண்ணு,” என்றாள்.

நான் பல்கலைக்கழகத்தில் கட்டுமானத் துறை இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு தவணை முழுக்கத் திட்ட மேலாண்மை படித்து, தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்தத் துணிச்சலில் தலையாட்டிவிட்டேன். அடுத்த ஐந்து மாதங்களில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்தப் பாடநூலில் இல்லை.

நமக்கு ஏது கோடை?

முதல் சிக்கல் பருவநிலை. அக்கா காட்டியது கோடைக்காலத் திருமணம். ஐரோப்பாவில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கோடை. சூரியன் மறைய நெடுநேரமாகும். அதனால் மாலையில் தோட்டத்தில் கல்யாணம் வைக்கிறார்கள். நமக்கு ஆண்டு முழுவதும் வெயில்தான், ஆண்டு முழுவதும் மழைதான். அதிலும் எங்கள் ஊர் தைப்பிங். தீபகற்ப மலேசியாவில் அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. இன்று மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்கள் என்று எங்கள் ஊரில் இன்றும் கதை சொல்வார்கள். அங்கே திறந்தவெளிக் கல்யாணம்!

இடம் என்னவோ தயாராக இருந்தது. தாத்தா விட்டுச்சென்ற நிலம், அதில் ரம்புத்தான் மரங்களும் தென்னை மரங்களும். நாள்தான் கிடைக்கவில்லை. ஏப்ரல், அக்டோபரை ஒட்டிய மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஓரளவு குறையும். ஆனால் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், பாட்டி சம்மதிக்கமாட்டார். ஆடி முடிந்தால் புகைமூட்டம் வருமோ என்ற கவலை. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் மிஞ்சியது ஆனி மாதத்தின் ஜூன் கடைசி ஞாயிறு.

நேரமும் மாறியது. இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகவே மாலைக் கல்யாணம் வேண்டாம், காலையில் வைப்போம் என்று அட்டவணை போட்டுக் காட்டினேன். பாட்டி சிரித்தார். “முகூர்த்தம் காலையிலதானே வைப்பாங்க? இதுக்கா மூணு நாளு கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்த?”

பதிவுத் திருமணத்தை முன்கூட்டியே தனியாக முடித்துவிட்டோம். மணமக்கள் தேசியப் பதிவுத் துறையில் மனுச்செய்த பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். அலங்காரத்தில் மூழ்கி இதை மறந்துவிடாதீர்கள். சட்டப்படி கணவன் மனைவியாக்குவது அந்தப் பதிவுதான்.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை

‘போஹோ’ என்பது ‘பொஹீமியன்’ என்பதன் சுருக்கம் என்று தெரியும். அதற்கு மேல் அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

பொஹீமியா என்பது இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி. ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த ரோமா மக்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்று எண்ணி, பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். உண்மையில் ரோமா மக்களின் மூதாதையர் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள். அவர்களுடைய மொழி இந்தி, பஞ்சாபி போன்றவற்றுக்கு உறவு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் ஏழை ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வாடகை கொடுக்கவும் குளிர்காயவும் வழியில்லாத அந்தக் கலைஞர்களைப் பற்றி ஹென்றி முர்ஜே எழுதிய கதைகள் 1851இல் நூலாக வந்தன. அதைத் தழுவி புச்சினி அமைத்த ‘லா போஹேம்’ இசை நாடகம் 1896இல் இத்தாலியின் தூரின் நகரில் அரங்கேறியது.

ஆக, பொஹீமியன் என்றால் கையில் காசில்லாதவர்கள். கிடைத்ததை வைத்து அழகாக வாழ முயன்றவர்கள். இதைப் படித்த அதே வாரத்தில்தான் அலங்கார நிறுவனம் ஒன்று எங்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பியது. மணவறை, நுழைவாயில், தரைக் கம்பளங்கள், உலர்ந்த பாம்பாஸ் புல், எல்லாம் ஒரே நாள் வாடகைக்கு. மொத்தம் 18,500 ரிங்கிட்.

அப்பாவின் கைப்பேசி

அக்கா அந்தத் தொகையைப் பார்த்து முகம் சுருங்கினாள். ஆனால் அப்பா, “பாத்துக்கலாம்மா,” என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுத் தன் கைப்பேசியை நீட்டினார்.

“ஊழியர் சேமநிதியில எப்ப வேணும்னாலும் எடுக்கற மாதிரி ஒரு கணக்கு இருக்காமே. எனக்கு இந்த எப் சரியா வரல. நீ கொஞ்சம் எடுத்துக் குடு. அக்காகிட்ட சொல்லாத.”

2024 மே மாதம் முதல் அந்த நெகிழ்வுக் கணக்கு நடப்பில் இருக்கிறது. அவசரத்துக்கு உதவட்டும் என்று வந்தது. அப்பா பேருந்து ஓட்டுநர். முட்டி வலி அதிகமாகிவிட்டதால் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓட்டுவார் என்று எங்களுக்குத் தெரியாது. திரையில் அவருடைய மொத்தச் சேமிப்பையும் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். அவ்வளவுதானா என்று தோன்றியது.

“கடவுச்சொல் தப்புன்னு வருதுப்பா, நாளைக்குப் பாப்போம்,” என்று பொய் சொன்னேன். அந்த இரவு முழுக்கத் தூக்கமில்லை. அப்பா சொல்லாதே என்றார், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். முதலில் என்மேல் கோபம், பிறகு தன்மேல் கோபம். மாலையில் அவளே அப்பாவிடம் போய், “எனக்கு அந்த ஸ்டைல்தான் வேணும், அந்த விலை வேணாம்பா. எங்க கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்த்து வச்சிருக்கோம், அதுக்குள்ள செய்யலாம்,” என்றாள். அப்பா பதில் பேசவில்லை. கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் அன்றிரவு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெட்டி எறிந்த புல்

பாம்பாஸ் புல் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. நம் நாட்டில் அதைக் காயவைத்த நிலையில் கடையில்தான் வாங்கவேண்டும். அதே போன்ற வெள்ளைக் கதிர் எங்கள் நிலத்தின் ஓரத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. லாலாங் புல்! ஒரு கட்டு அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் நுழைந்ததும் பாட்டி எழுந்துவிட்டார்.

“இத எதுக்குடி வீட்டுக்குள்ள கொண்டாந்த?”

மணவறையில் வைக்க என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வலது கையை விரித்துக் காட்டினார். விரல்களில் பழைய கீறல்கள். பதினைந்து வயதில் தோட்ட வேலைக்குப் போனவர் அவர். பால்மரங்களுக்கு இடையே லாலாங் வெட்டியும், முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்து அடித்தும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். அந்தப் புல்லின் ஓரம் கத்தி போல அறுக்கும். வேர் மண்ணுக்குள் ஓடி மறுபடி மறுபடி முளைக்கும்.

“இத அழிக்கத்தான் எங்களுக்குச் சம்பளமே குடுத்தாங்க. நீ மணவறையில வைக்கப் போறியா?”

கோபமா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மின்விசிறிக் காற்றில் கதிர்கள் பிரிந்து பஞ்சு கூடமெங்கும் பறந்தது. பாட்டி தலையில் அடித்துக்கொண்டார். “முத்தினத அறுத்தா பறக்கத்தான் செய்யும். இப்பத்தான் வெளிய தலை நீட்டுறத அறுக்கணும். வா, காட்டுறேன்.”

அவர் காட்டிய இளங்கதிர்களைத் தலைகீழாகக் கட்டி நிழலில் காயவைத்து, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மேலே அடித்தோம். பஞ்சு பறக்கவில்லை.

அதன் பிறகு பாட்டி ஓயவில்லை. தோட்டத்து லயத்தில் கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்தார் முதல் நாளே கூடித் தென்னங்கீற்று முடைந்து பந்தல் போடுவார்கள், குருத்தோலையில் தோரணம் பின்னுவார்கள், வாழைமரம் கட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க எனக்கு அக்காவின் கைப்பேசிப் படம்தான் நினைவுக்கு வந்தது. மரத்தடி, கையால் பின்னிய அலங்காரம், தரையில் பாய். நாங்கள் வெளிநாட்டில் தேடியதைப் பாட்டி வேறு பெயர் இல்லாமலேயே பார்த்திருக்கிறார்.

கீற்று முடையும் வேலையைப் பாட்டியின் பழைய தோழிகள் நால்வர் எடுத்துக்கொண்டார்கள். மணவறைக்குப் பின்னால் தொங்கவிடும் மக்ராமே கயிற்றுப் பின்னலை நானும் தோழிகளும் செய்தோம். பின்னல் முடியும் நீளத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு கயிறு வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முதல் முயற்சி பாதியிலேயே கயிறு தீர்ந்து வீணானது.

முதலில் பார்க்க வேண்டியவை

பாடத்தில் ஒன்று சொல்வார்கள்: எந்த வேலை தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகுமோ, அதைக் கண்டுபிடி. அப்படிப் பார்த்தால் அலங்காரம் பட்டியலின் கடைசியில்தான் வந்தது. கூடாரம், கழிப்பறை, மின்சாரம், வாகன நிறுத்தம், சமையல் ஆகியவை மேலே நின்றன. சொந்த நிலம் என்பதால் எங்களுக்குத் தொல்லையில்லை. வீட்டுக்கு முன்னால் சாலையை மறித்துக் கூடாரம் போடுவதாக இருந்தால் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். கொசு பெருகாதபடி தேங்கிய நீரையெல்லாம் ஒரு வாரம் முன்பே கொட்டினோம். சமைத்த உணவு நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறப்பட வேண்டும் என்பதால் சமையலை இரண்டு தடவையாகப் பிரித்தோம்.

தரையில் அமரும் கம்பளங்களை மட்டும் அக்கா கடைசிவரை விடவில்லை. அப்பா ஒருமுறை அதில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவித்தபோது அதுவும் முடிந்தது. பெரியவர்களுக்கு நாற்காலி, பிள்ளைகளுக்குப் பாய் என்று மாற்றினோம்.

அந்த ஞாயிறு

காலை பளிச்சென்று விடிந்தது. கீற்றுப் பந்தலின் கீழ், குருத்தோலைத் தோரணமும் லாலாங் கதிர்களும் ஆட, அக்கா கழுத்தில் தாலி ஏறியது. பாட்டி முதல் வரிசை நாற்காலியில் இருந்தார். மணமக்களைவிட மணவறையைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தைப்பிங் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. பிற்பகல் 1.20க்கு, இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மழை கொட்டியது. கூடாரம் போட்டிருந்ததால் யாரும் இலையை விட்டு எழவில்லை. ஆனால் வடிகால் வெட்ட நான் மறந்திருந்தேன். கட்டுமானத் துறை மாணவியான நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மண்வெட்டியுடன் ஓடியதை உறவினர்கள் இன்றுவரை புலனத்தில் பகிர்ந்து சிரிக்கிறார்கள்.

மொத்த அலங்காரச் செலவு 2,300 ரிங்கிட். அப்பாவின் சேமிப்பில் யாரும் கை வைக்கவில்லை.

நண்பர்களே, நம் அக்கா அண்ணன்களுக்கும் பிறகு நமக்கும் இந்த நாள் வரும். படத்தில் பார்த்ததை ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் விலை கேட்பதற்கு முன் மூன்று பேரைக் கேளுங்கள்: வானத்தை, வீட்டிலிருக்கும் மூத்தவரை, பணம் கட்டப்போகிறவரை. மூன்றாமவர் பெரும்பாலும் உண்மையைச் சொல்லமாட்டார். கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை பாட்டியே முன்நின்று லாலாங் கதிர்களையெல்லாம் கறுப்புப் பையில் போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னார். “ஒரு விதை விழுந்தாலும் தாத்தா நிலம் பூரா இதுதான்.”

அக்கா படவரியில் படம் போட்டபோது ஒரு தோழி கேட்டிருந்தாள்: அந்தப் புல் எந்தக் கடையில் வாங்கியது? அக்கா பதில் எழுதினாள்: “கடையில் இல்லை. என் பாட்டிக்கு நல்லாத் தெரிஞ்ச புல்.”