‘தேறாது’ என்றார்கள், 2,212 தடவை நடந்தது!

1943-ம் ஆண்டு மார்ச் 31-ந்தேதி இரவு. அமெரிக்காவில் நியூயார்க் நகரம்.

அங்கே பிராட்வே என்று ஒரு பெரிய தெரு உண்டு. அந்தத் தெருவைச் சுற்றி வரிசையாக நாடகக் கொட்டகைகள். அவற்றில் ஒன்றின் பெயர் செயின்ட் ஜேம்ஸ். அந்தக் கொட்டகையில் அன்று இரவு ஒரு புதிய நாடகம் அரங்கேறியது. பாட்டும், நடனமும், வசனமும் கலந்த இசை நாடகம்.

கொட்டகை நிறையவில்லை. சில நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நடனம் சொல்லிக் கொடுத்த பெண்மணி தன்னிடம் இருந்த டிக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை!

“இந்த நாடகம் தேறாது” என்று ஊரே பேசியது.

ஆனால் நடந்தது என்ன? அந்த நாடகம் ஐந்து ஆண்டு இரண்டு மாதம் ஓடியது. மொத்தம் 2,212 தடவை நடந்தது! அமெரிக்க நாடக உலகத்தையே மாற்றியது.

அதன் பெயர் “ஓக்லஹாமா!”.

கையில் காசு இல்லை

இந்த நாடகத்தை நடத்தியவர்கள் “தியேட்டர் கில்டு” என்ற குழுவினர். ஒரு காலத்தில் பேரும் புகழுமாக இருந்த குழு. 1942-ல் அதன் நிலைமை மோசம். நாடகங்கள் வரிசையாகத் தோற்றன. கையில் இருந்த பணம் கரைந்தது. இன்னும் ஒரு தோல்வி வந்தால் கதவை மூட வேண்டியதுதான்.

குழுவின் தலைவர்களில் ஒருவர் தெரசா ஹெல்பர்ன் என்ற பெண்மணி. அவருக்கு ஒரு பழைய நாடகம் நினைவுக்கு வந்தது. அதை எழுதியவர் லின் ரிக்ஸ். ஓக்லஹாமா பிரதேசத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் செரோக்கி என்ற செவ்விந்திய இனத்தைச் சேர்ந்தவர். அந்த நாடகத்தை 1931-ல் இதே குழுதான் நடத்தியது. 64 தடவையோடு அது நின்று போயிற்று.

கதை மிகவும் சின்னது. ஒரு பண்ணை வீட்டுப் பெண். அவளை விரும்புகிறான், மாடு மேய்க்கும் ஒரு வாலிபன். பண்ணை வேலைக்காரன் ஒருவனும் அவள் மேல் கண் வைத்திருக்கிறான். ஊர்க் கூத்துக்கு அவள் யாரோடு போவாள்? இதுதான் கதை!

தோற்றுப்போன இந்த நாடகத்தில் பாட்டுகளைச் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று தெரசா நினைத்தார். “பணமே இல்லாத நேரத்தில் இப்படி ஒரு ஆசையா?” என்று மற்றவர்கள் தலையில் கை வைத்தார்கள்.

மறுத்த நண்பர்

தெரசா நேராக இசை அமைப்பாளர் ரிச்சர்ட் ரோட்ஜர்சிடம் போனார். ரோட்ஜர்சுக்குக் கதை பிடித்துவிட்டது.

ரோட்ஜர்ஸ் இருபது ஆண்டுக்கு மேலாக ஒரே கவிஞருடன் சேர்ந்து வேலை செய்தவர். அந்தக் கவிஞரின் பெயர் லோரன்ஸ் ஹார்ட். இருவரும் இணை பிரியாதவர்கள். நாடு முழுவதும் அவர்களுடைய பாட்டுகளைப் பாடியது.

ஆனால் ஹார்ட்டுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. வர வர அது முற்றியது. நாள் கணக்கில் காணாமல் போய்விடுவார். பாட்டு வேண்டும் என்று ரோட்ஜர்ஸ் தேடி அலைவார்.

“மாடு மேய்க்கிறவன் கதை எனக்கு ஒத்து வராது. நான் ஓய்வுக்கு மெக்சிகோ போகிறேன்” என்றார் ஹார்ட். “அப்படியானால் நான் வேறு ஆளோடு சேர வேண்டியிருக்கும்” என்றார் ரோட்ஜர்ஸ். ஹார்ட் தடை சொல்லவில்லை. “சேர்ந்துகொள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபது ஆண்டு நட்பில் விரிசல் விழுந்த நாள் அது. ரோட்ஜர்ஸ் மனம் உடைந்து அழுதார்.

அந்த வேறு ஆள் யார்?

அவர்தான் ஆஸ்கார் ஹாமர்ஸ்டீன். வயது 47. அவருடைய பாட்டனார் நாடகக் கொட்டகைகள் கட்டிப் பேர் வாங்கியவர். ஹாமர்ஸ்டீன் சட்டம் படித்தார். அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். 1927-ல் அவர் வசனமும் பாட்டும் எழுதிய “ஷோ போட்” என்ற நாடகம் பெரிய வெற்றி. 

அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் காற்று திசை மாறியது. ஒரு நாடகம் தோற்றது. அடுத்ததும் தோற்றது. அதற்கு அடுத்ததும் தோற்றது. ஏறக்குறைய பத்து ஆண்டு இதே கதை! “ஹாமர்ஸ்டீன் காலம் முடிந்துவிட்டது” என்று பிராட்வேயில் பேசிக்கொண்டார்கள்.

இதில் ஒரு அதிசயம். லின் ரிக்ஸ் எழுதிய அந்தப் பழைய நாடகத்தின் மேல் ஹாமர்ஸ்டீனுக்கும் முன்பே ஒரு கண். இதற்கு இசை அமைக்கலாம் என்று வேறொரு இசை அமைப்பாளரிடம் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. இப்போது அதே கதை தானாகத் தேடி வந்தது!

யானை வந்த கதை

ஹார்ட் இருந்தபோது ரோட்ஜர்ஸ் முதலில் மெட்டுப் போடுவார். பிறகு ஹார்ட் அதற்குப் பாட்டு எழுதுவார். ஹாமர்ஸ்டீன் வந்ததும் முறை மாறியது. முதலில் பாட்டு, பிறகு மெட்டு!

ஹாமர்ஸ்டீன் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் குடியிருந்தார். அங்கே உட்கார்ந்து முதல் பாட்டை எழுதினார். விடியற்காலையில் வயல் வெளியைப் பார்த்து வாலிபன் பாடும் பாட்டு அது.

அதில் மக்காச்சோளத்தின் உயரத்தைச் சொல்ல வேண்டும். குதிரையின் கண் அளவு உயரம் என்று எழுதலாம் என நினைத்தார். பக்கத்து வயலுக்குப் போய்ப் பார்த்தார். பயிர் அதைவிட உயரமாக நின்றது! உடனே குதிரை போயிற்று, யானை வந்தது. யானையே இல்லாத ஓக்லஹாமாவில், பாட்டுக்குள் யானை புகுந்தது இப்படித்தான்!

இந்த ஒரு பாட்டுக்கு ஹாமர்ஸ்டீன் எடுத்துக்கொண்ட காலம் மூன்று வாரம். அதற்கு மெட்டுப் போட ரோட்ஜர்சுக்கு ஆன நேரம் எவ்வளவு தெரியுமா? பத்து நிமிடம் கூட இல்லை!

வீடு வீடாகப் பாடினார்கள்

பாட்டு தயார். பணம்?

பணக்காரர்களின் வீடுகளுக்குப் போனார்கள். ரோட்ஜர்ஸ் பியானோ வாசிப்பார். ஹாமர்ஸ்டீன் கதை சொல்லுவார். நடிகர்கள் பாடிக் காட்டுவார்கள். கேட்டவர்கள் கை தட்டினார்கள்; விருந்து சாப்பிட்டார்கள். ஆனால் பையைத் திறக்கவில்லை.

தோற்ற நாடகம், தோற்ற கவிஞர், நொடித்துப்போன குழு. பெயர் பெற்ற நட்சத்திரம் ஒருவர்கூட இல்லை. யார் பணம் போடுவார்கள்? மாதக் கணக்கில் அலைந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமார் 80 ஆயிரம் டாலர் சேர்த்தார்கள்.

எல்லாம் தலைகீழ்

அந்தக் காலத்தில் இசை நாடகம் என்றால் ஒரு முறை உண்டு. திரை விலகியதும் இருபது முப்பது அழகிகள் வரிசையாக நின்று ஆட வேண்டும். நடுநடுவே கோமாளி வந்து சிரிக்க வைக்க வேண்டும். கதை என்னவாக இருந்தாலும் கவலை இல்லை.

இந்த நாடகத்தில் திரை விலகியதும் என்ன தெரிந்தது? ஒரு வயதான பெண் தன்னந்தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள்! மேடைக்கு வெளியே இருந்து ஒரு குரல் மெதுவாகப் பாடியது. அவ்வளவுதான். ஆட்டக்காரப் பெண்கள் கூட்டமாக வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நடனம் அமைத்தவர் ஆக்னஸ் டி மில். “பத்துக் கட்டளைகள்” படம் எடுத்த செசில் டி மில்லின் சகோதரர் மகள். கதாநாயகி காணும் கனவை அவர் முழுக்க முழுக்க நடனமாகவே காட்டினார். வாயால் சொல்ல முடியாத அவளுடைய பயத்தை நடனம் சொல்லிற்று.

கடைசியில் மேடையில் ஒரு சாவும் நடக்கிறது. கல்யாண நாளில் வேலைக்காரன் கத்தியோடு வருகிறான். சண்டையில் தன் கத்தி மேலேயே விழுந்து சாகிறான். சிரித்துவிட்டுப் போக வந்தவர்களுக்கு இப்படி ஒரு காட்சியா? கேட்டவர்கள் பயந்தார்கள்.

ஆனால் இதில்தான் நாடகத்தின் பலமே இருந்தது. கதைக்காகப் பாட்டு, கதைக்காக நடனம். ஒரு பாட்டை எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழும். பாட்டைக் கேட்டாலே அதைப் பாடுகிறவனின் மனம் தெரியும். 

அம்மையும் ஆச்சரியக்குறியும்

நியூயார்க் வருவதற்கு முன் வெளியூரில் நாடகத்தை நடத்திப் பார்ப்பது வழக்கம். மார்ச் 11-ந்தேதி நியூ ஹேவன் நகரில் முதல் ஆட்டம். அப்போது நாடகத்தின் பெயரே வேறு. “புறப்படுவோம்” என்ற பொருளில் “அவே வீ கோ” என்று வைத்திருந்தார்கள்.

நியூயார்க்கில் இருந்து சிலர் போய்ப் பார்த்தார்கள். “கால் அழகு இல்லை, சிரிப்பு இல்லை, தேறாது” என்ற பேச்சு பிராட்வே முழுவதும் பரவியது.

அடுத்த ஊர் பாஸ்டன். அங்கே நடனப் பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராக அம்மை போட்டது! உடம்பில் இருந்த தடிப்புகளை முகப்பூச்சால் மறைத்துக்கொண்டு ஆடினார்கள்.

இந்த வெளியூர் நாட்களில்தான் ஒரு பாட்டின் தலையெழுத்து மாறியது. ஓக்லஹாமா மண்ணைப் புகழும் பாட்டு அது. அதை எல்லோரும் ஒன்றாக நின்று பாடும்படி மாற்றினார்கள். கொட்டகை அதிர்ந்தது. நாடகத்துக்கும் அதையே பெயராக வைத்தார்கள்.

பெயரோடு ஒரு ஆச்சரியக்குறியும் வேண்டும் என்று கடைசி நேரத்தில் உத்தரவு வந்தது. அதற்குள் விளம்பரத் தாள்களை அடித்து முடித்துவிட்டார்கள்! ஊழியர்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான தாள்களில் கையாலேயே ஆச்சரியக்குறி போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹெலன் ஹான்ப் என்ற பெண். பிற்காலத்தில் புகழ் பெற்ற எழுத்தாளர்.

அந்த இரவு

அரங்கேற்ற நாள் வந்தது. அதற்கு முன் ஹாமர்ஸ்டீன் தன் மனைவியோடு உலாவப் போனார். “இதுவும் ஜனங்களுக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்படித்தான் எனக்கு எழுத வரும்” என்று மனம் விட்டுச் சொன்னார்.

இரவு திரை விலகியது. வெண்ணெய் கடையும் பெண். தூரத்துக் குரல். முதல் பாட்டு முடிந்ததுமே ஜனங்கள் மயங்கிவிட்டார்கள். நாடகம் முடிந்தபோது ஒரே ஆரவாரம்!

மறுநாள் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. டிக்கெட்டுக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இலவச டிக்கெட்டை வேண்டாம் என்றவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள்!

அது இரண்டாவது உலகப் போர் நடந்த நேரம். கடல் கடந்து சண்டைக்குப் போக இருந்த சிப்பாய்கள், உடுப்போடு வந்து நாடகம் பார்த்தார்கள். சொந்த மண்ணைப் பற்றிய பாட்டைக் கேட்டுக் கண் கலங்கினார்கள்.

நடிகர்கள் பாடிய பாட்டுகளை ஆறு இசைத் தட்டுகளாக வெளியிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றன. 1944-ல் நாடகத்துக்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. 1953-ல் அந்தப் பாட்டையே ஓக்லஹாமா மாநிலத்தின் அதிகாரப்பூர்வமான பாட்டாக ஆக்கினார்கள். 1955-ல் படமாகவும் வந்தது. படத்தின் வெளிப்புறக் காட்சிகளை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? ஓக்லஹாமாவில் அல்ல, அரிசோனாவில்!

நாடகம் 1948-ம் ஆண்டு மே 29-ந்தேதி முடிந்தது. இசை நாடகங்களில் அதுதான் அதிக நாள் ஓடியது என்ற பெயர் 1961 வரை நிலைத்தது.

கட்டித் தழுவினார்

அரங்கேற்ற இரவில் கூட்டத்தில் ஒருவர் தாயாரோடு உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லோரையும்விட அவர்தான் பலமாகக் கை தட்டினார். அவர்தான் ஹார்ட்!

நாடகம் முடிந்து விருந்து நடந்தது. அங்கே ஓடி வந்து ரோட்ஜர்சைக் கட்டித் தழுவினார். வாயாரப் பாராட்டினார். தான் இல்லாமலே நண்பன் இவ்வளவு உயரம் போய்விட்டான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஆண்டு முடிவதற்குள், நவம்பர் 22-ந்தேதி, நிமோனியா காய்ச்சலில் ஹார்ட் இறந்தார். அப்போது அவருக்கு வயது 48.

விசித்திர விளம்பரம்

1944-ம் ஆண்டு தொடக்கம். “வெரைட்டி” என்ற நாடக, சினிமாப் பத்திரிகையில் ஹாமர்ஸ்டீன் ஒரு விளம்பரம் கொடுத்தார். வெற்றி பெற்றவர்கள் அங்கே தங்கள் வெற்றிகளை அடுக்குவது வழக்கம். ஹாமர்ஸ்டீன் என்ன செய்தார்?

தன்னுடைய தோல்விகளை அடுக்கினார்! எந்த நாடகம், எந்தக் கொட்டகை, எத்தனை வாரத்தில் படுத்தது என்று வரிசையாகப் போட்டார். “இதை முன்பும் செய்திருக்கிறேன், மறுபடியும் என்னால் செய்ய முடியும்” என்று அதோடு சேர்த்தார்.

படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் தலைகால் தெரியாமல் ஆடக்கூடாது என்று தனக்கே அவர் சொல்லிக்கொண்ட புத்திமதி அது.

பிறகு ரோட்ஜர்சும் அவரும் சேர்ந்து பல நாடகங்களைத் தந்தார்கள். உலகம் அறிந்த “சவுண்ட் ஆப் மியூசிக்” அவற்றில் ஒன்று. 1960-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந்தேதி ஹாமர்ஸ்டீன் காலமானார். செப்டம்பர் 1-ந்தேதி இரவு, பிராட்வே பகுதியில் ஒரு நிமிடம் விளக்குகளை அணைத்து அவருக்கு அஞ்சலி செய்தார்கள்.

அந்தத் தோல்விப் பட்டியலில் “சன்னி ரிவர்” என்று ஒரு நாடகம் உண்டு. 1941 டிசம்பரில் தொடங்கி, 36 தடவையோடு படுத்துவிட்ட நாடகம். அது நடந்தது எந்தக் கொட்டகையில் தெரியுமா?

“ஓக்லஹாமா!” 2,212 தடவை நடந்த அதே செயின்ட் ஜேம்ஸ் கொட்டகையில்தான்! இரண்டுக்கும் நடுவே பதினைந்தே மாதம்!