கூண்டின் வலிமை குழாயில் இல்லை

(பந்தயக் கார் உருவாகும் விதம் – 9)

சாதாரணக் கார் ஒன்றின் ஆசனங்கள், தரைவிரிப்பு, கதவுகளின் உட்பலகைகள், கூரைத்துணி ஆகிய சகலத்தையும் கழற்றி, அதனை வெறும் தகட்டு உடலாக்கி நிறுத்தும் பூர்வாங்க வேலையைச் சென்ற வாரம் பார்த்தோம். அவ்வுடலுக்குள்ளே, ரோல் கேஜ் என்று பந்தயக்காரர்கள் வழங்கும் எஃகுக் கூண்டினைப் பொருத்துவது இவ்வாரத்து விஷயம். காரை மாற்றியமைக்கும் வேலைகளுள் பார்வைக்கு இவ்வளவு கம்பீரமாகவும், தவறிச் செய்தால் இவ்வளவு அபாயமாகவும் முடியக்கூடியது வேறொன்று இல்லை.

2020-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த மாண்டி கார்லோ ராலியில், முந்திய ஆண்டின் உலக சாம்பியனும் எஸ்தோனிய தேசத்தவருமான ஓட் தானாக் செலுத்திச் சென்ற ஹூண்டாய் கார், மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் மலைப்பாதையின் விளிம்பைக் கடந்து, ஆகாயத்தில் கரணமடித்து, மரங்களினூடே சரிவில் உருண்டு வீழ்ந்தது. வெளித்தகடுகள் உருக்குலைந்தபோதிலும், உள்ளே இருந்த தானாக்கும் அவருக்கு வழி சொல்லி வந்த மார்ட்டின் யார்வியோயாவும் பெருங்காயம் எதுவுமின்றித் தப்பினார்கள். அந்தக் காட்சியைத் திரையிலே கண்டவர்கள், தடித்த குழாய்களை வாங்கி வளைத்துக் காருக்குள் ஒட்டிவிட்டால் அத்தகைய காப்பு தமக்கும் கிட்டிவிடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் கூண்டின் வலிமை குழாயின் கனத்தில் அடங்கியதன்று. அது எதன்மேல் நிற்கிறது, அதன் இணைப்புகள் எப்படிப்பட்டவை, அதனுள் இருப்பவர் எவ்வாறு கட்டுண்டு அமர்ந்திருக்கிறார் என்னும் மூன்றையும் பொறுத்தே அது காப்பாகவோ கேடாகவோ ஆகிறது.

முதலில் அங்கங்களைச் சொல்லிவிடுவோம். முன்னாசனங்களுக்குப் பின்னால், காரின் குறுக்கே, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் பெரிய வளைவே கூண்டின் பிரதானம். முன்கண்ணாடியின் ஓரத்தை ஒட்டி மற்றொரு வளைவும், இரண்டையும் கூரையோரமாக இணைக்கும் குழாய்களும், பிரதான வளைவைப் பின்னின்று தாங்கும் இரு சாய்வுக் கால்களும், அவ்வளைவின் குறுக்கே மூலைவாட்டில் ஓடும் குழாயும், கதவுகளை ஒட்டிய பக்கக் குழாய்களும் சேர்ந்து கூண்டு பூர்த்தியாகிறது. சர்வதேச மோட்டார் சம்மேளனமாகிய எஃப்.ஐ.ஏ.வின் விதித்தொகுப்பில் 253-ஆம் பிரிவு இவற்றுக்கு அளவு நிர்ணயிக்கிறது. பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உடைய குழாய் வேண்டும். அக்குழாய் நெடுகிலும் ஒட்டு இல்லாத, குளிர்நிலையில் இழுத்து உருவாக்கிய எஃகாக இருத்தல் வேண்டும். வீட்டுக் கேட்டும் ஜன்னல் கிராதியும் செய்கிற பைப்போ, தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. பைப்போ இதற்கு உதவா. மணல் நிரப்பி நெருப்பில் காய்ச்சி வளைப்பது பட்டறைகளில் பழகிய யுக்தியாயினும், கூண்டுக் குழாயைக் குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையலாகாது. வளைத்த இடத்தில் குழாய் சற்றே நசுங்கி நீள்வட்டமானால், அதன் சிறிய விட்டம் பெரிய விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையலாகாது.

இனி, கால்களுக்கு வருவோம். காரின் தரைத்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமே உடையது. கார் தலைகீழாக மோதும்போது கூரையில் விழுகின்ற பளு முழுவதும் குழாய் வழியே இறங்கி, அதன் அடிமுனையில் வந்து குவிகிறது. அங்கே அப்பளுவை வாங்கிப் பரப்பும் சாதனம் இல்லையேல், எவ்வளவு உயர்ந்த எஃகாயினும், மணலில் நட்ட பந்தற்காலைப்போல் அது தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். கூண்டு வளையாமலே கூரை மட்டும் தலைமேல் வந்து அமரும். ஆதலின் பிரதான வளைவும் முன்வளைவும் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள எஃகுத் தகட்டை உடலோடு வெல்டிங் செய்து, அதன்மேல் கூண்டின் பாதத்தைக் குறைந்தது மூன்று போல்ட்டுகளால் இறுக்க வேண்டும் என்பது விதி. அனுபவமுள்ள வேலைக்காரர்கள் இத்தகட்டைத் தரையோடு நிறுத்திவிடாமல், கதவின் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிபோன்ற சட்டத்தின்மேல் மடித்து ஏற்றி ஒட்டுவார்கள். ஏனெனில், உடலிலே உண்மையான பலமுள்ள பாகம் அதுவே.

இணைப்பு வேலையின் நுட்பத்தைப் பட்டறையில் அருகே நின்று பார்த்தாலன்றி உணர்வது அரிது. ஒரு குழாய் மற்றொன்றின் வளைந்த முதுகின்மேல் இடைவெளியின்றி உட்காரவேண்டுமாயின், அதன் முனையைப் பிறைபோல் வெட்டியாக வேண்டும். குழாயின்மேல் காகிதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, வெட்டி, அரத்தால் ராவி, மீண்டும் மீண்டும் பொருத்திப் பார்க்கிறார்கள். அங்கே விழும் சந்தை வெல்டிங் கம்பியால் நிரப்பி மறைப்பவன் கூண்டு கட்டத் தகுதியற்றவன். இதனினும் பெரிய சங்கடம் கூரையருகே நேர்கிறது. கூண்டு கூரையை ஒட்டி நிற்பதால், மேல் இணைப்புகளின் மேற்புறத்துக்குக் கையும் போகாது, கருவியும் போகாது. வெல்டிங்கோ குழாயின் சுற்றளவு முழுவதும் ஓடியாக வேண்டும். இதற்கு வேலைக்காரர்கள் கண்ட உபாயம் சாமர்த்தியமானது: பாதங்கள் வரவேண்டிய இடங்களில் தரையைத் துளைத்து, கூண்டு முழுவதையும் அத்துளைகளின் வழியே ஒரு சாண் கீழே இறக்கி, மேற்புறத்தைச் சௌகரியமாக வெல்டிங் செய்து முடித்து, பிறகு கூண்டை உரிய உயரத்துக்குத் தூக்கி, துளைகளை மூடும் எஃகுப் பெட்டிகளைப் பாதங்களின் கீழே வைத்து ஒட்டிவிடுகிறார்கள். இந்தச் சிரமத்துக்குப் பின்வாங்கியவர்கள் எட்டிய அளவுக்கு முக்கால் சுற்று ஒட்டிவிட்டு, வர்ணம் பூசி அனுப்பிவிடுவதும் உண்டு.

நெருப்பை ஏற்றுமுன் செய்யவேண்டிய ஜாக்கிரதைகளும் சில உள. பாட்டரியையும் காரின் கணினியையும் கழற்றி விலக்க வேண்டும். பெட்ரோல் டாங்கியையும் அதன் குழாய்களையும் காரிலிருந்தே அகற்ற வேண்டும். தரைத்தகட்டின் அடியில் பூசிய தார்ப்பூச்சு, மேலே வெல்டிங் நடக்கும்போது கீழே கண்ணுக்குப் படாமல் பற்றிக்கொள்ளுமாதலால், அதைச் சுரண்டி எடுப்பதோடு, தீயணைக்கும் சாதனத்துடன் ஓர் ஆள் வெளியே காவல் நிற்பதும் அவசியம். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை வெல்டிங் செய்தால் எழும் புகை, சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலைக் கொண்டுவரும். அப்பூச்சையும் தேய்த்து நீக்க வேண்டும். உஷ்ணத்தால் உடல் முறுக்கிக்கொள்ளாதிருக்க, காரைச் சமதளத்தில் நிறுத்தி, முதலில் ஆங்காங்கே பொட்டுப் பொட்டாக ஒட்டி, கதவுகள் சரியாக மூடித் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே, இடமும் வலமும் மாற்றி மாற்றி முழு வெல்டிங்கையும் நிறைவேற்றுவது கிரமம்.

இவ்வளவும் பழுதின்றி நிறைவேறினாலும், கூண்டு செய்யவல்லது ஒன்றே ஒன்றுதான்: மனிதர் இருக்கும் இடம் சுருங்காமல் பார்த்துக்கொள்வது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பரில் வேல்ஸ் நாட்டு ராலியில் பக்கவாட்டில் ஒரு மரத்தின்மீது கார் மோதியபோது, வழிகாட்டியாகச் சென்ற மைக்கேல் பார்க் உயிரிழந்தார். பக்கத்து மோதலில் ஆளுக்கும் கதவுக்கும் இடையே உள்ள தூரம் சில அங்குலங்களே. அங்கே குழாயை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதனாலேயே, பின்னாளில் ராலிக் கார்களின் கதவுக்குள் மோதலின் வேகத்தை வாங்கும் நுரைப்பொருளை அடைத்தும், தலையின் இருபுறமும் காது வைத்த ஆசனங்களை அமைத்தும் காப்பைப் பெருக்கினார்கள்.

ஊருக்குள் ஓட்டும் காரிலே அழகுக்காகக் கூண்டு போட விரும்பும் இளைஞர்கள் சிந்திக்கவேண்டிய இடமும் இதுவே. பந்தயக்காரர் தலைக்கவசம் அணிந்து, பல பட்டைகள் கொண்ட பெல்ட்டினால் ஆசனத்தோடு இறுகக் கட்டுண்டிருக்கிறார். ஆகவே அவர் தலை குழாயை எட்டுவதில்லை, எட்டினும் கவசம் தாங்குகிறது. தெருவிலே செல்பவருக்கோ கவசம் இல்லை; சாதாரண பெல்ட், மோதலில் தலையைப் பக்கவாட்டில் வெகுதூரம் போகவிடும். எந்தச் சிறு விபத்திலே கூண்டில்லாத காரில் இருந்தவர் வீக்கத்தோடு பிழைத்திருப்பாரோ, அதே விபத்தில் கூண்டுள்ள காரில் இருப்பவர் குழாயிலே மண்டை மோதி மாளக்கூடும். கூரையோரமாக விரியவேண்டிய காற்றுப்பைக்கும் குழாய் தடையாகிறது. மெத்தென்ற பஞ்சுறையைக் குழாயின்மேல் சுற்றிவிட்டால் போதும் என்பது வீண் நம்பிக்கை. விரலால் அமுக்கினால் நசுங்கும் உறை தலையின் வேகத்தை வாங்காது. தலைக்கவசம் படக்கூடிய இடங்களுக்கென்று எஃப்.ஐ.ஏ. தனித் தரமே வகுத்திருக்கிறது. அத்தரத்து உறையும் கவசமணிந்த தலையை உத்தேசித்ததேயன்றி, வெறுந்தலையை உத்தேசித்ததன்று.

சட்டமும் இதற்கு இடங்கொடுப்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. கூண்டுக்காகப் பின்னாசனத்தை நீக்கினால், சான்றிலே எழுதிய ஆசனக் கணக்கே பொய்த்துவிடுகிறது. ஆகவே கூண்டு ஏற வேண்டிய இடம் பந்தயத்துக்கென்றே ஒதுக்கிய கார்தான்.

அத்தகைய கார் ஒன்றைப் பிறரிடமிருந்து விலைக்கு வாங்க நேரிட்டால், வர்ணத்தையும் குழாய்களின் எண்ணிக்கையையும் பார்த்து மயங்கவேண்டாம். கூரைக்கும் குழாய்க்கும் நடுவே விரலை நுழைத்து, வெல்டிங் சுற்றளவு முழுவதும் ஓடியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எட்டாத இடத்துக்கு ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். பிறகு காருக்கடியில் படுத்து, பாதங்கள் எதன்மேல் நிற்கின்றன என்று பாருங்கள். இவ்விரண்டையும் காட்டத் தயங்குகிற பட்டறையாரிடம் விலை பேசுவதே வீண்.

கூண்டு காத்துத் தரும் இடத்திலே ஆளை அசையாமல் நிறுத்துவது ஆசனமும் பெல்ட்டும் ஆதலால், அவற்றைப் பொருத்தும் முறையை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)